நாட் கிங் கோல்: வீட்டுக்குள் வந்த குரல், வாசலில் நின்ற மனிதர்

கலைக்கு நிறமில்லை, இசைக்கு மொழியில்லை என்று மேடைகளில் பேசுவது எளிது. நாமும் விழாக்களில் அவ்வாறு பேசியிருக்கிறோம். பேசக் கேட்டுக் கை தட்டியும் இருக்கிறோம். ஆனால் ஒரு நாட்டு மக்கள் ஒருவருடைய பாடலைக் காசு கொடுத்து வாங்கி, வரவேற்பறையில் வைத்துக் கேட்டு மகிழ்ந்துகொண்டே, அதே மனிதர் தம் தெருவில் குடியேற வந்தபோது எதிர்த்து நின்றார்கள் என்றால், கலைக்கு நிறமில்லை என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்றவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர், பியானோக் கலைஞர், நடிகர், தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் நாட் கிங் கோல்.

அவர் புரட்சியாளர் அல்லர். உரத்துப் பேசியவரும் அல்லர். மென்மையாகப் பாடினார், மென்மையாகவே பழகினார். அந்த மென்மையே அவருடைய புகழுக்குக் காரணமாயிற்று. அதுவே பின்னாளில் அவர்மீது சாட்டப்பட்ட குற்றமும் ஆயிற்று. ஆகவே அவருடைய வாழ்க்கையை வெறும் வெற்றிக் கதையாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

பிறப்பும் பயிற்சியும்

1919-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நத்தானியேல் ஆடம்ஸ் கோல்ஸ். தந்தை எட்வர்ட் கோல்ஸ், பின்னாளில் பாப்டிஸ்ட் திருச்சபையின் போதகரானவர். தாய் பெர்லினா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். அந்நாளில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்க்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் தனி இருக்கை என்று எல்லாமே சட்டப்படி பிரிக்கப்பட்டிருந்தன. அந்தக் கொடுமையிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பிப் பல இலட்சம் கறுப்பின மக்கள் வடக்கே உள்ள தொழில் நகரங்களை நோக்கிக் குடிபெயர்ந்தனர். கோல்ஸ் குடும்பமும் அவ்வாறே சிகாகோ நகருக்குச் சென்றது. அப்போது சிறுவனுக்கு வயது நான்கு.

சிகாகோவில் கறுப்பின மக்கள் நெருங்கி வாழ்ந்த தென்பகுதி, அக்காலத்தில் ஜாஸ் இசையின் பெரும் விளைநிலமாக இருந்தது. லூயி ஆம்ஸ்ட்ராங், ஏர்ல் ஹைன்ஸ் போன்ற மேதைகள் அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே சென்று கேட்கக் காசும் இல்லை, வயதும் இல்லை. சிறுவன் நாட் விடுதிகளுக்கு வெளியே நின்று அந்த இசையைக் காதாரக் கேட்டான். வீட்டில் முதலில் தாயே ஆசிரியை. பன்னிரண்டு வயதளவில் முறையான பயிற்சி தொடங்கியது. மேற்கத்திய சாஸ்திரீய இசையையும் கற்றான். தந்தையின் ஆலயத்தில் பக்தி இசை, ஆசிரியரிடம் சாஸ்திரீய இசை, தெருவோரத்தில் ஜாஸ் இசை. இம்மூன்றும் பிற்காலத்தில் அவருடைய விரல்களில் ஒன்றாய்க் கலந்தன.

போதகரான தந்தைக்கு மகன் ஜாஸ் பக்கம் சாய்வது பிடிக்கவில்லை. ஆயினும் மூத்த சகோதரர் எடியும் இசைக்கலைஞராகவே இருந்தார். 1936-இல் எடியின் குழுவோடு சேர்ந்து நாட் தம் முதல் இசைத்தட்டுப் பதிவில் வாசித்தார். பின்னர் ஓர் இசை நாடகக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். 1937-இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் அந்தக் குழு கையில் காசின்றிக் கலைந்தது. அதே குழுவில் நடனமாடிய நாடின் ராபின்சனை அவ்வாண்டில்தான் மணந்திருந்தார். வயது பதினெட்டு. ஊர் திரும்பவில்லை. கிடைத்த மதுக்கடைகளிலெல்லாம், கிடைத்த கூலிக்குப் பியானோ வாசித்தார்.

மூவர் குழு

அவ்வாறு வாசித்துக்கொண்டிருந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸ் விடுதி ஒன்றில் சிறு குழு அமைத்து வாசிக்கும் வாய்ப்பு வந்தது. பியானோவுக்கு அவர், கிதாருக்கு ஆஸ்கர் மூர், பாஸ் இசைக்கருவிக்கு வெஸ்லி பிரின்ஸ் என மூவர் சேர்ந்தனர். அக்காலம் பெரும் இசைக்குழுக்களின் காலம். பதினைந்து இருபது பேர் அமர்ந்து முழக்கும் மேடைகளுக்கிடையே, மத்தளம்கூட இல்லாமல் மூன்றே பேர் வாசிப்பது புதுமையாக இருந்தது. தாளத்தை மூவரும் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பினார். ஆஸ்கர் பீட்டர்சன் முதலிய பல பெரும் பியானோக் கலைஞர்கள் பிற்காலத்தில் இந்த அமைப்பைத் தாமும் கைக்கொண்டார்கள். ஆகவே அவர் பாடியே இராவிட்டாலும் ஜாஸ் வரலாற்றில் இடம் பெற்றிருப்பார் என்பதில் ஐயமில்லை.

ஆங்கிலக் குழந்தைப் பாட்டு ஒன்றில் கோல் என்னும் ஓர் அரசன் வருகிறான். அதை வைத்து விளையாட்டாகக் ‘கிங் கோல்’ என்று அவரை அழைத்தனர். கோல்ஸ் என்ற குடும்பப் பெயரின் கடைசி எழுத்து உதிர்ந்தது. நாட் கிங் கோல் என்ற பெயர் நிலைத்தது. குடித்துவிட்டு வந்த வாடிக்கையாளர் ஒருவர் வற்புறுத்தியதால்தான் அவர் முதன்முதலாகப் பாடினார் என்று ஒரு கதை நெடுநாள் வழங்கி வந்தது. கோல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. வாசிப்புக்கு இடையே ஒரு மாறுதலுக்காக அவ்வப்போது பாடி வந்தார். கேட்டவர்கள் மேலும் மேலும் பாடச் சொன்னார்கள் என்பதே உண்மை.

1942-இல் ஹாலிவுட்டில் கேபிடல் என்னும் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு கோல் அதில் ஒப்பந்தமானார். அங்கே அவர் பதிவு செய்த முதற் பாடல்களுள் ஒன்று, தந்தையின் பிரசங்கத்தில் கேட்ட ஒரு கதையை வைத்து அவரே எழுதியது. பருந்து ஒன்று விலங்குகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பறந்து, மேலிருந்து உதறிக் கொன்று தின்னும். குரங்கு ஏறியபோது அது தன் வாலைப் பருந்தின் கழுத்தில் சுற்றிக்கொண்டு, நேராகப் பறக்கும்படி ஆணையிட்டது. நம் பஞ்சதந்திரத்தில் வைத்தாலும் பொருந்தக்கூடிய கதை. வல்லவனின் முதுகில் ஏற நேர்ந்த எளியவன் எப்படிப் பிழைப்பது என்பதே அதன் பொருள். அந்தப் பாட்டின் உரிமையை, பணமுடையால் அவர் முன்பே ஐம்பது டாலருக்கு விற்றிருந்தார். 1944-இல் அது நாடெங்கும் ஒலித்தது. பாட்டு அவருடையது, அதன் உரிமைப் பணம் பிறருடையது.

பியானோக் கலைஞர் பாடகரானார்

1946-இல் என்.பி.சி. வானொலியில் அவருடைய மூவர் குழுவுக்குப் பதினைந்து நிமிட வார நிகழ்ச்சி கிடைத்தது. தலைமுடித் தைலம் விற்கும் நிறுவனம் ஒன்று விளம்பரச் செலவை ஏற்றது. கறுப்பினக் கலைஞர் ஒருவர் விளம்பரதாரர் ஆதரவோடு தமக்கென ஒரு வானொலி நிகழ்ச்சி நடத்தியது அதுவரை அமெரிக்கா காணாதது. வானொலியில் குரல் மட்டுமே கேட்கும், முகம் தெரியாது. இதை இங்கே நினைவில் வைத்துக்கொண்டால், பத்தாண்டு கழித்து நடந்ததன் பொருள் விளங்கும்.

1946-இல் அவர் பாடிய கிறிஸ்துமஸ் பாடல் இன்றளவும் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாதத்தில் உலகெங்கும் ஒலிக்கிறது. 1947-இல் ஈடன் ஆபெஸ் என்னும் இளைஞர், தாம் எழுதிய பாட்டு ஒன்றின் கைப்படியை கோல் பாடிக்கொண்டிருந்த அரங்கில் கொடுத்துவிட்டுச் சென்றார். நீண்ட தலைமுடியும் தாடியுமாய், திறந்தவெளியில் உறங்கி, காய்கனி உண்டு வாழ்ந்த மனிதர் அவர். ‘நேச்சர் பாய்’ என்னும் அந்தப் பாடல் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. 1950-இல் ‘மோனாலிசா’, 1951-இல் ‘அன்ஃபர்கெட்டபிள்’ என வரிசையாக வெற்றிகள் வந்தன. அவருடைய பாடல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை விற்பனைப் பட்டியல்களில் இடம் பெற்றன. 1956 ஏப்ரலில் ஹாலிவுட்டில் கேபிடல் நிறுவனம் வட்டவடிவமாய்ப் பதின்மூன்று மாடிக் கட்டடம் ஒன்றைத் திறந்தபோது, அது நாட் கட்டிய வீடு என்றே பேசிக்கொண்டார்கள்.

அவருடைய குரலில் என்ன சிறப்பு? அது பெரிய குரலன்று. உச்ச ஸ்தாயிக்குத் தாவும் வித்தைகளும் அதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். ஒலிவாங்கியின் அருகே நின்று, எதிரில் இருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பாடுவார். சற்றே கரகரத்த மென்மை அதில் உண்டு. பியானோக் கலைஞரானதால், எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லை அரை நொடி தாமதித்து விட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஜாஸ் விமரிசகர் சிலர், பெரிய பியானோக் கலைஞர் ஒருவர் பணத்துக்காக மெல்லிசைப் பாடகராகிவிட்டார் என்று வருந்தினார்கள். மக்களோ வாங்கிக் குவித்தார்கள்.

வீடு வாங்கிய கதை

நாடினுடனான மணவாழ்வு முறிந்த பின், 1948 மார்ச்சில் பாடகி மரியாவை அவர் மணந்தார். நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் பெருங்கூட்டம் திரண்ட திருமணம் அது. அவ்வாண்டிலேயே புதுமணத் தம்பதியர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹான்காக் பார்க் என்னும் செல்வர் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கினர். வழக்கறிஞர்களும் வணிகப் பெருமக்களும் வாழ்ந்த அந்தப் பகுதியில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை.

அக்காலத்தில் இத்தகைய குடியிருப்புகளில், வெள்ளையர் அல்லாதார்க்கு வீட்டை விற்கலாகாது என்ற நிபந்தனை கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தர முடியாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 1948 மே மாதம்தான் தீர்ப்பளித்திருந்தது. சட்டம் வழிவிட்டது, மனிதர் வழிவிடவில்லை. வீட்டுக்காரர்கள் சங்கம் கூடியது. கூடுதல் தொகை தருகிறோம், வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். விரும்பத்தகாதவர்கள் இப்பகுதிக்குள் வருவதை நாங்கள் விரும்பவில்லை என்றும் சொன்னார்கள். அதற்கு கோல் மிக அமைதியாக, தாமும் விரும்பவில்லை என்றும், அப்படிப்பட்டவர் எவரையேனும் கண்டால் முதலில் புகார் செய்பவர் தாமாகவே இருப்பார் என்றும் மறுமொழி கூறினார்.

அவமானம் அத்தோடு நிற்கவில்லை. அவருடைய வீட்டுப் புல்வெளியில் இன இழிசொல் ஒன்றை எரித்து எழுதினார்கள். வீட்டு நாய்க்கு நஞ்சு வைத்தார்கள். எனினும் கோல் குடும்பம் வெளியேறவில்லை. 1951-இல் வரிப்பாக்கிக்காக அரசு அந்த வீட்டைக் கைப்பற்ற வந்தபோதும், கடனைத் தீர்த்து வீட்டைக் காப்பாற்றிக்கொண்டார். அந்த வீட்டில்தான் அவருடைய குழந்தைகள் வளர்ந்தார்கள். இறக்கும்வரை அவருக்கு முகவரி அதுவே. அந்தத் தெருவில் அவருடைய இசைத்தட்டு இல்லாத வீடுகள் எத்தனை இருந்திருக்கும் என்று நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

பர்மிங்காம் மேடை

1956 ஏப்ரல் 10-ஆம் நாள். தாம் பிறந்த அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த டெட் ஹீத் இசைக்குழுவோடு கோல் பாடிக்கொண்டிருந்தார். உள்ளூர்ச் சட்டப்படி முதற்காட்சி வெள்ளையர்க்கு மட்டும். கறுப்பினத்தவர்க்கு அடுத்த காட்சி. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருந்தனர். மூன்றாவது பாட்டின்போது சிலர் நடைபாதை வழியாக ஓடிவந்து மேடையேறி அவரைத் தாக்கினர். கோல் கீழே விழுந்தார், முதுகில் அடிபட்டது. போலீசார் பாய்ந்து அவரை மீட்டனர். தாக்கியவர்கள் வெள்ளையர் ஆதிக்கத்தைக் காக்கவென அமைந்த ஒரு சங்கத்தைச் சேர்ந்தவர்கள். பின்னர் அவர்கள் சிறைத்தண்டனை பெற்றனர்.

சிறிது நேரம் கழித்து கோல் மீண்டும் மேடைக்கு வந்தபோது, அந்த வெள்ளையர் கூட்டம் எழுந்து நின்று பல நிமிடம் கைதட்டியது. அவர் வந்தது பாட வந்ததேயன்றி எவருக்கும் தீங்கு செய்ய அல்ல என்று சொல்லி விடைபெற்றார். முதற்காட்சி அத்துடன் முடிந்தது. வலியோடு அன்றிரவே கறுப்பின மக்களுக்கான காட்சியில் பாடினார்.

உடலில் பட்ட அடியினும் பெரிய அடி அதன் பின்னர்தான் விழுந்தது. அது சொந்த இனத்தாரிடமிருந்து வந்தது. அந்நேரத்தில், அவர் பிறந்த மாண்ட்கோமரி நகரில், பேருந்தில் பிரித்து உட்கார வைக்கும் வழக்கத்தை எதிர்த்துக் கறுப்பின மக்கள் மாதக்கணக்கில் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குச் சென்றுகொண்டிருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் அந்தப் போராட்டத்தின் தலைவர். வேலைக்காரப் பெண்கள்கூட மைல் கணக்கில் நடக்கும்போது, புகழும் பொருளும் படைத்த கோல் மட்டும் பிரித்து உட்கார வைக்கப்பட்ட கூட்டத்தின்முன் ஏன் பாட வேண்டும் என்று கறுப்பினப் பத்திரிகைகள் கேட்டன. கறுப்பின மக்கள் உரிமைக்காக வழக்காடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தாரும் கடிந்துகொண்டனர். ஹார்லம் பகுதியின் சில கடைகளில் அவருடைய இசைத்தட்டுகளை ஒதுக்கி வைத்தார்கள்.

கோல் மனம் உடைந்தார். மாண்ட்கோமரிப் போராட்டத்துக்குப் பண உதவி செய்ததையும், அறை தர மறுத்த விடுதிகள்மீது தாம் வழக்குத் தொடுத்ததையும் எடுத்துச் சொன்னார். தாம் பொழுதுபோக்குக் கலைஞரே தவிர அரசியல்வாதி அல்லர் என்பது அவருடைய நெடுநாளைய எண்ணம். நல்ல இசையும் நல்ல நடத்தையும் மெல்ல மெல்லப் பகையைக் கரைத்துவிடும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பர்மிங்காமில் அடிபட்டது. கைதட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர், தாக்கியவர்கள் சிலர் என்பது உண்மை. ஆனால் கைதட்டிய ஆயிரக்கணக்கானோரும் கறுப்பின மக்கள் நுழையக்கூடாத அரங்கில் அமர்ந்துதான் கைதட்டினார்கள். இதைத்தான் அவருடைய இனத்தார் அவருக்குச் சுட்டிக் காட்டினார்கள். அவர் அதை ஏற்றுக்கொண்டார் என்றே கொள்ள வேண்டும். விரைவில் அந்தச் சங்கத்தின் டெட்ராயிட் கிளையில் ஐந்நூறு டாலர் செலுத்தி வாழ்நாள் உறுப்பினரானார். அதன்பின் அலபாமாவில் அவர் பாடவில்லை.

தொலைக்காட்சியில் ஓராண்டு

அந்த 1956-ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 5-ஆம் நாள் திங்கட்கிழமை மாலை, என்.பி.சி. தொலைக்காட்சியில் நாட் கிங் கோல் நிகழ்ச்சி தொடங்கியது. அவருக்கு முன்பும் கறுப்பினக் கலைஞர் ஓரிருவர்க்குத் தொலைக்காட்சியில் சில வாரங்கள் இடம் கிடைத்ததுண்டு. ஆனால் நாடறிந்த கறுப்பின நட்சத்திரம் ஒருவர், ஒரு பெரும் ஒளிபரப்பு நிறுவனத்தில், தம் பெயராலேயே வாரந்தோறும் நிகழ்ச்சி நடத்துவது பெரிய நிகழ்வாகவே கருதப்பட்டது.

தொலைக்காட்சியில் கறுப்பினத்தவர்க்கு அதுவரை கிடைத்த வேடங்கள் எவை? வேலைக்காரர், சமையற்காரி, கோமாளி. கோல் அவ்வாறு வரவில்லை. நேர்த்தியான கோட்டு அணிந்து, வீட்டுக்காரரைப் போல விருந்தினரை வரவேற்றார், பாடினார், பியானோ வாசித்தார், நாகரிகமாக உரையாடினார். பார்ப்பவர்க்கு எந்தப் பாடமும் புகட்டவில்லை. ஆனால் அவ்வாறு நின்றதே ஒரு பாடம்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நடைபெறும் முறையை இங்கே சொல்ல வேண்டும். அது அரசுடையதன்று, தனியார் வணிகம். ஒரு நிகழ்ச்சியின் செலவை ஏதேனும் ஒரு பொருளை விற்கும் நிறுவனம் ஏற்கும். அதற்கு ஈடாக அதன் விளம்பரம் இடம்பெறும். விளம்பரதாரர் இல்லாத நிகழ்ச்சி எத்தனை சிறந்ததாயினும் நிலைக்காது. கோல் நிகழ்ச்சியைத் தேசிய அளவில் ஏற்க ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. கறுப்பர் நடத்தும் நிகழ்ச்சியோடு தம் பொருளின் பெயர் சேர்ந்தால், தென் மாநிலத்து வெள்ளையர் அப்பொருளை வாங்க மாட்டார்கள் என்று அஞ்சினார்கள். ஒப்பனைப் பொருள் நிறுவனம் ஒன்று, கறுப்பர் ஒருவரால் உதட்டுச்சாயம் விற்க முடியாது என்று காரணம் கூறி ஒதுங்கியதாம். தென்பகுதியின் சில ஒளிபரப்பு நிலையங்கள் நிகழ்ச்சியை ஏற்கவே மறுத்தன.

ஒளிபரப்பு நிறுவனம் தன் செலவிலேயே நிகழ்ச்சியைத் தாங்கிப் பிடித்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நீதியாகாது. 1957 ஜூலையில் பதினைந்து நிமிடம் அரைமணி நேரமாக விரிந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபாண்டே, பெக்கி லீ, டோனி பென்னட், சாமி டேவிஸ் இளையவர், மஹேலியா ஜாக்சன் முதலிய பெருங்கலைஞர்கள் வந்து பாடினார்கள். கறுப்பரும் வெள்ளையரும் அவர்களில் இருந்தனர். தங்களுடைய வழக்கமான பெருந்தொகையை விட்டுவிட்டு, தொழிற்சங்கம் வகுத்த குறைந்தபட்ச ஊதியத்துக்கே பலர் வந்தனர். கோலும் இரவு விடுதிகளில் தமக்குக் கிடைத்திருக்கக்கூடிய பெரும் வருமானத்தை விட்டுக்கொடுத்தார். கலைஞர் உலகம் நிகழ்ச்சியைக் காப்பாற்றத் துணிந்தது, பார்வையாளரும் பெருகினர். அசையாதவர் கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர்களே.

அந்த 1957 செப்டம்பரில், ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளியில் நுழைய, குடியரசுத் தலைவர் இராணுவத்தையே அனுப்ப வேண்டியிருந்தது. நாடு அவ்வாறு கொந்தளித்தபோது, புன்னகையோடு பாடும் கறுப்பர் ஒருவரைக்கூட வணிக உலகம் தாங்கவில்லை. நிகழ்ச்சியை வேறொரு நாளுக்கும் நேரத்துக்கும் மாற்ற நிறுவனம் முன்வந்தது. பார்வையாளர் குறைந்த அந்த நேரத்தை கோல் ஏற்கவில்லை. 1957 டிசம்பர் 17-ஆம் நாள் கடைசி நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று.

எப்போதும் அடக்கமாய்ப் பேசிய கோல் இம்முறை அடக்கிக்கொள்ளவில்லை. 1958 தொடக்கத்தில் எபனி என்னும் கறுப்பினப் பத்திரிகையில் தாமே கட்டுரை எழுதினார். பொதுமக்கள்மீதோ ஒளிபரப்பு நிறுவனத்தின்மீதோ அவர் பழி சுமத்தவில்லை. நியூயார்க்கின் மாடிசன் அவென்யூவில் அமர்ந்து விளம்பரப் பணத்தைப் பங்கிடுவோரே பொறுப்பு என்று வெளிப்படையாக எழுதினார். இனப்பகை கொண்டவனைக் காட்டிலும், இனப்பகை கொண்டவன் என்ன நினைப்பானோ என்று அஞ்சுகிறவனே அந்தக் கதவை அடைத்தான் என்பது அக்கட்டுரையைப் படிப்பவர்க்குத் தெளிவாகும்.

திரையும் பிற நாடுகளும்

திரைப்படங்களிலும் அவர் நடித்தார். 1957-இல் வெளிவந்த ‘சைனா கேட்’ படத்தில் இந்தோசீனப் போரில் ஈடுபடும் வீரராகத் தோன்றினார். 1958-இல் ‘செயின்ட் லூயி புளூஸ்’ படத்தில், புளூஸ் இசையின் தந்தை எனப் போற்றப்படும் டபிள்யூ. சி. ஹாண்டியின் வேடத்தை ஏற்றார். போதகரான தந்தையின் எதிர்ப்பை மீறி இசையை நாடும் மகனின் கதை அது. கோலுக்கு அந்த வேடத்தைப் புரிந்துகொள்ள வேறெங்கும் தேடிப் போக வேண்டியிருந்திராது.

ஸ்பானிய மொழி அறியாமலே, உச்சரிப்பைக் காதால் கேட்டு மனனம் செய்து, 1958-இல் ஸ்பானியப் பாடல் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். தென் அமெரிக்க நாடுகளில் அது பெரும் வரவேற்புப் பெற்றது. 1962-இல் ‘ராம்ப்ளின் ரோஸ்’ பாடல், ராக் இசையின் அலையில் பழைய பாடகர்கள் மறைந்துகொண்டிருந்த காலத்திலும், இலட்சக்கணக்கில் விற்றது.

நாற்பத்தைந்து வயதில்

கோலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நாளொன்றுக்கு மூன்று பெட்டி சிகரெட் புகைப்பார். அதுவே தம் குரலுக்கு அந்தக் கனத்தைத் தருகிறது என்று நம்பி, ஒலிப்பதிவுக்கு முன் அடுத்தடுத்துப் பல சிகரெட்டுகளைப் புகைப்பாராம். 1964 ஜனவரியில் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி, புகைபிடித்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று அறிக்கை வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் கோலுக்கு அதே நோய் கண்டறியப்பட்டது. நோயோடு தம் கடைசித் தொகுப்பைப் பாடி முடித்தார். 1965 ஜனவரி 25-ஆம் நாள் இடது நுரையீரல் அகற்றப்பட்டது. பிப்ரவரி முதல் நாள் சிகாகோவில் தந்தை இறந்தார். இரண்டு வாரம் கழித்து, 1965 பிப்ரவரி 15-ஆம் நாள், கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகர மருத்துவமனையில் மகனும் கண் மூடினார். அவர் நடித்த ‘கேட் பாலு’ படம் அவர் மறைவுக்குப் பிறகே திரைக்கு வந்தது.

அவர் நடத்த முடியாமற்போன நிகழ்ச்சியின் தொடர்ச்சி பின்னர் நடந்தது. 1970-இல் அதே என்.பி.சி. தொலைக்காட்சியில் ஃபிளிப் வில்சன் என்னும் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் தம் பெயரில் நிகழ்ச்சி தொடங்கினார். நாட்டிலேயே அதிகமானோர் பார்த்த நிகழ்ச்சிகளுள் அது ஒன்றாயிற்று. விளம்பரதாரர்கள் தாமே வந்தார்கள். இடையில் கழிந்தவை பதின்மூன்று ஆண்டுகள். அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் தெருக்களில் நடந்தவர்களும், அடிபட்டவர்களும், சிறை சென்றவர்களும், உயிரை ஈந்தவர்களும் எத்தனையோ பேர். 1964-இல் குடிமை உரிமைகள் சட்டம் வந்ததும் அவர்களால்தான்.

1991-இல் கோலின் மகளும் பாடகியுமான நாட்டலி கோல், தந்தையின் பழைய பதிவோடு தம் குரலை இணைத்து ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாடலைப் பாடி வெளியிட்டார். தந்தை மறைந்தபோது அவருக்கு வயது பதினைந்து. இருபத்தாறு ஆண்டுகள் கழித்துத் தந்தையும் மகளும் ஒரே பாட்டில் சேர்ந்தனர். 1994-இல் அமெரிக்க அரசு கோலின் முகத்தை அஞ்சல் தலையில் அச்சிட்டது. விளம்பர நிறுவனங்கள் ஒதுக்கிய முகம் கடிதங்களின் மேல் ஒட்டப்பட்டு, நாட்டின் எல்லா வாசல்களுக்கும் சென்றது.

நிறைவாக

நாட் கிங் கோலைக் குறை கூறியவர்கள் தவறாகச் சொன்னார்களா? இல்லை. இனிமை மட்டும் நீதியைக் கொண்டுவராது என்று அவர்கள் சொன்னது உண்மையாயிற்று. அப்படியானால் கோலின் வாழ்வு வீணா? அதுவும் இல்லை. பண்பால் வெல்ல முடியும் என்று நம்பிய ஒருவர், பண்பில் ஒரு குறையும் வைக்காமல் வாழ்ந்து காட்டினார். அதன் பிறகும் கதவு திறக்கவில்லை என்றபோது, குற்றம் தட்டியவரிடம் இல்லை, பூட்டியவரிடம்தான் என்பது உலகுக்கு ஐயமின்றி விளங்கிற்று. இன்னும் நன்றாக நடந்துகொண்டால் சமமாக நடத்துவோம் என்று சொல்லி வந்தவர்களுக்கு, அதன்பின் சொல்ல ஒரு சாக்கும் இல்லாமற் போயிற்று.

மாணவ நண்பர்களே, ஒருவருடைய பாட்டை, எழுத்தை, உழைப்பை, கைத்திறனை நாம் விரும்பி ஏற்கிறோம். அதைத் தந்தவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றால் எந்த இடத்தில் உட்கார வைக்கிறோம்? இந்தக் கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. கோலின் பாடல் எங்கேனும் காதில் விழும்போது, அந்த இனிமையோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.